கடைசிக் கடலை

போன பருவத்தில் கடலை ஏற்றிப் போன லாரி, சரக்கோடு அப்படியே திரும்பி வந்தது. போகும்போது பின்னாலேயே ஓடிய பிள்ளைகள்தான் வரும்போதும் முன்னால் ஓடிவந்து சேதி சொன்னார்கள். தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. டிரைவர் யார் முகத்தையும் பார்க்காமல் தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்த்தார். கூட்டத்தில் ஒருத்தி, "கட்டிக்குடுத்த பொண்ணு மறுநாளே பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்ன மாதிரி இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் பக்கத்தில் பெரியவள் நிற்பது அவள் கண்ணில் பட்டது. பெரியவள் கைகளை ஒரு தரம் உதறிக்கொண்டு, நேராகப் போய் முதல் மூட்டையை இறக்கினாள்.

பெரியவளும் அப்படி ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தவள்தான். அவள் வந்த வருடம் கொல்லையில் நட்ட கன்று இப்போது கூரைக்கு மேல் நிழல் போடுகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக் கடலை முழுவதையும் உரிப்பது அவள்தான். தெருவில் அவளுக்கு இணையாக உரிக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் ஒரு கூடை உரிப்பதற்குள் அவள் இரண்டாவது கூடையில் பாதியைத் தாண்டியிருப்பாள். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது.

தம்பியின் மனைவி சின்னவள். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து பெரியவளின் அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஒரு மூலையில் பயமும் இன்னொரு மூலையில் பொறாமையும் குடியிருந்தன. வீட்டுக்காரரைத் தெரு 'ஆகட்டும்' என்றுதான் அழைக்கும். அக்கா எதைச் சொன்னாலும் அவர் ஆகட்டும் என்பார். மனைவி அதற்கு நேர்மாறாகச் சொன்னாலும் ஆகட்டும் என்பார். இரண்டுக்கும் நடுவில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

அந்தக் கடலையை வாங்குவது, மெலிந்துபோன குழந்தைகளுக்குச் சத்து விழுது அரைக்கும் ஒரு தொழிற்சாலை. தெருவிலுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே சரக்காகத்தான் அனுப்பும். ஒரு வீட்டு மூட்டை கெட்டிருந்தாலும் மொத்தமும் கெட்டதாகத்தான் கணக்கு. லாரி திரும்பிய வாரம் தொழிற்சாலையிலிருந்து பரிசோதனைக்காரம்மா வந்தார். கிடங்கின் வாசலில் பெண்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கடலையில் ஒரு பூஞ்சணம் பிடிக்கிறது, அது விடுகிற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, கழுவினால் போகாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது, நாளாக ஆக ஈரலைத் தின்றுவிடும். ஈரமும் சூடும்தான் அதற்குச் சோறு. இன்னொரு தடவை சரக்கு திரும்பினால் இந்தத் தெருவிலிருந்து வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள் என்பதையும் அதே பொறுமையோடு சொன்னார்.

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, பொறுக்கும்போது கழிக்கிற பருப்பை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பெண்கள் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். இதிலென்ன இருக்கிறது, ஒன்றுகூட வீணாக்குவதில்லை. சுருங்கியது, கறுத்தது, உடைந்தது எல்லாம் வீட்டுக்குத்தான். அரைத்துக் கஞ்சியில் போட்டால் பிள்ளைகள் விரும்பிக் குடிக்கும்.

பரிசோதனைக்காரம்மா எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைச் சின்னவள் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எத்தனை பானை கஞ்சி. நல்லது ஊருக்கு, நசிந்தது நமக்கு என்பதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தோமே. கடலை தின்றால் கடைசியில் ஒன்று கசக்கத்தான் செய்யும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்; மழை பெய்தால் நனையும் என்பதைப் போல அதையும் ஒரு நியதியாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தப் பருவத்தில் அவள் கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். கொடி பிடுங்கிய அன்று, எப்போதும் போல அப்படியே தரையில் பரப்பிப்போட வேண்டாம், வட்டமாக அடுக்கலாம் என்றாள். காய் உள்பக்கம், இலை வெளிப்பக்கம். நடுவில் காற்றுப் போக ஒரு குழி. பரிசோதனைக்காரம்மா காட்டிக்கொடுத்த முறை. வயல் நடுவில் கோழியை அடைக்கிற கோழிக்குடாப்பு மாதிரி இது என்ன கோலம் என்று பெரியவள் சிரித்தாள். ஆகட்டும் அக்காவையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். கடைசியில் முதல் கொடியை வாங்கி, சொன்னபடி காயை உள்ளே திருப்பி வைத்தார். அவர் தன் பக்கம் நின்றது சின்னவளுக்குத் தாலாட்டுப் போல இருந்தது.

மூன்றாம் நாள் மழை வந்தது. பெரிய மழை ஒன்றுமில்லை. காயப்போட்டவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்க அது போதும். விடிந்ததும் சின்னவள் வயலுக்கு ஓடினாள். அடுக்கின் மேல் இலைகள் நனைந்து பளபளத்தன. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு ஒரு காயைப் பறித்தாள். மண் ஒட்டாமல், ஈரம் தொடாமல், தொட்டில் பிள்ளை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து வயலில் தரையோடு கிடந்த கொடிகளைப் புரட்டிக்கொண்டிருந்த கோழிக்காரி நிமிர்ந்து பார்த்தாள். கோழி வளர்ப்பதால் வந்த பெயர். போன பருவத்தில் கழித்த பருப்பை அரைத்துப் போட்டதில் அவளுடைய குஞ்சுகள் பாதி செத்துப்போயின. அதனால் பரிசோதனைக்காரம்மா சொன்னதைத் தெருவில் முதலில் நம்பியவள் அவள்தான்; பெண்கள் குழுவுக்கும் அவளே தலைவி. "உன் கோழிக்குடாப்பு ஜெயிச்சிருச்சுடி" என்று அங்கிருந்தே கத்தினாள். "எனக்கும் ஒண்ணு கட்டிக்குடு."

அன்று பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்க வட்ட வட்டமாக அடுக்குகள் எழும்பின.

காய் ஆய்ந்து, தார்ப்பாயில் காயவைத்து, மண்வெட்டி பட்டதையும் பூச்சி துளைத்ததையும் தனியே எடுத்துவிட்டு மூட்டை கட்டினார்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரே வழி, காதோரம் வைத்துக் குலுக்குவது. உள்ளே பருப்பு கிலுகிலுவென்று பேச வேண்டும். சின்னவள் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துக் குலுக்கிப் பார்த்துத்தான் வாயைத் தைத்தாள். எல்லாக் காயும் பேசின. பின்னறையில், தரையில் படாமல் பலகை மேல், சுவரில் சாயாமல் ஓரடி தள்ளி மூட்டைகளை அடுக்கியபோது, தன் கையாலும் ஒரு காரியம் ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

உரிப்பு தொடங்கியது. தண்ணீர் தெளிக்காமல் உரிக்க வேண்டும் என்பது குழுவில் எல்லாரும் தலையாட்டிய கட்டுப்பாடு. தெருவின் பழைய வழக்கம் வேறு. முந்தின நாளே காயில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்துவிடுவார்கள். மறுநாள் ஓடு இளகி, அழுத்தினதும் வாயைத் திறந்துவிடும். காய்ந்த ஓடு அப்படியில்லை. நகத்தைக் கீறும், விரல் நுனியைத் தேய்க்கும். இரண்டு நாளிலேயே பெண்களின் பேச்சு முழுக்க விரல்களைப் பற்றியதாக ஆகிவிட்டது. சின்னவள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு உரித்தாள். அப்படியும் கூடை நிறைவேனா என்றது.

பெரியவளின் கூடை மட்டும் எப்போதும் போல நிறைந்தது.

சின்னவள் முதலில் வியந்தாள், பிறகு வெட்கப்பட்டாள். அதன் பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை, நாத்தனார் மேல் சந்தேகப்படுகிற புத்தி என்று தானே திட்டி விரட்டினாள். அது வாசல் வரை போய்விட்டுத் திரும்ப வந்தது. ஒரு மத்தியானம் பெரியவள் குளிக்கப் போயிருந்தபோது பின்னறைக்குப் போய், கடைசியில் இருந்த மூட்டையின் மூலையைப் பிரித்து ஒரு காயை எடுத்துக் குலுக்கினாள்.

காய் பேசவில்லை.

தைக்கும்போது இதே மூட்டை காதடைக்கப் பேசியது. கையை உள்ளே விட்டாள். உள்ளே மூச்சு விடுவது போலச் சூடு. அடுத்த மூட்டையும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் ஒரு வாளியும், பிழிந்து மடித்த சாக்கும் இருந்தன.

நிமிர்ந்தபோது பெரியவள் ஈரத் தலையோடு கதவருகில் நின்றாள். சின்னவளுக்குத்தான் கையும் களவுமாகப் பிடிபட்டது போல இருந்தது. இரண்டு பேரும் வாளியைப் பார்த்தார்கள்.

"என்னக்கா இது?"

பெரியவள் கைகளை நீட்டிக் காட்டினாள். சின்னவள் அந்தக் கைகளை இத்தனை வருடம் ஓட்டத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவை நின்று அன்றுதான் பார்த்தாள். ஒவ்வொரு கணுவும் வீங்கி இஞ்சிக் கிழங்கு போல முண்டும் முடிச்சுமாக இருந்தது. கட்டைவிரல் மடங்கவே மறுத்தது.

"போன வருஷத்துலேருந்தே இப்படித்தான். காஞ்ச ஓட்டை என்னால அழுத்த முடியல. தண்ணி தெளிச்சா கொஞ்சம் ஓடுது."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"என்னன்னு சொல்ல?" பெரியவளின் குரல் உயரவில்லை. "உன் புருஷன் ஒரு நாளும் எனக்குச் சோத்துக் கணக்குப் பார்த்ததில்ல. நீயும் பார்த்ததில்ல. நான்தான் பார்த்துக்கிட்டேன். இந்தக் கை ஓடற வரைக்கும் இது என் வீடு. நின்னுபோச்சுன்னா நான் இங்க யாரு?"

சின்னவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நீ யார் என்றா கேட்கிறாய், நீ குரல் கொடுக்காவிட்டால் இந்த வீட்டில் விடியலே வராது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குள் பொறாமை குடியிருந்த மூலை சட்டென்று காலியானது. பெரியவளின் கைகளைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சூடான மூட்டையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை எல்லா வீட்டிலும் உரித்தது, உரிக்காதது என்று மொத்தச் சரக்கையும் கிடங்கில் சேர்க்க வேண்டும். சின்னவள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனாள். கிடங்கில் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். கோழிக்காரி மூட்டைகளைப் பார்த்துவிட்டு, உன் வீட்டில் இரண்டு குறைகிறதே என்றாள்.

"பின்னறையில கூரை ஒழுகி ஈரம் பட்டுடுச்சு. அந்த ரெண்டு மூட்டையும் வேணாம்னு விட்டுட்டேன்."

கோழிக்காரி தலையாட்டினாள். பொய் நல்ல பொய்தான். யாருக்கும் கேடில்லாத பொய். அப்போது வாசலில் பெரியவளின் குரல் கேட்டது. அவள் வருவாள் என்று சின்னவள் எதிர்பார்க்கவில்லை.

"கூரை ஒழுகல. நான்தான் தெளிச்சேன்."

பெரியவள் உள்ளே வந்து நடுவில் நின்றாள்.

"போன வருஷம் வழக்கப்படி எல்லாரும் தெளிச்சோம். லாரி எதனால திரும்பி வந்துச்சுன்னு தெரிஞ்ச பிறகும் இந்த வருஷம் நான் தெளிச்சேன். என் விரலு போச்சு. அதை மறைக்கத்தான் தெளிச்சேன். இவ எனக்காகப் பொய் சொல்றா. எனக்கு அது வேணாம். எம்மேல கோபம்னா திட்டிக்குங்க, ஆனா அந்த மூட்டையும் நான் உரிச்ச பருப்பும் இதுல சேரக்கூடாது."

யாரும் திட்டவில்லை. ஒருத்தி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். இன்னொருத்தி கூரையில் எதையோ தேடினாள். கடைசியில், லாரியைப் பார்த்து அன்று பெட்டி என்று சொன்னவள் மெல்ல எழுந்தாள். தன் வீட்டுக் குவியலிலிருந்து ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டாள்.

"இதுலயும் தெளிச்சிருக்கு" என்றாள் யாரையும் பார்க்காமல். "என் மாமியா காதுல விழாம இருக்கட்டும், தான் மட்டும்தான் தெளிச்சதுன்னு அது நினைச்சிட்டிருக்கு, நானும் ஒரு சொம்பு ஊத்தினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அணை உடைந்தது போல ஆயிற்று. ஒவ்வொருத்தியாக எழுந்தாள். ஒருத்தி ஒரு மூட்டை, இன்னொருத்தி இரண்டு. வெளியே வாசலில் மூட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் மிச்சமிருந்தது கோழிக்காரி மட்டும்தான். எல்லார் கண்ணும் அவள் மேல். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்னை என்ன பார்க்கிறீர்கள், நான் தலைவி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தலைவிக்கும் விரல் இருக்கில்ல" என்று முனகிக்கொண்டே தன் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள்.

அன்று கிடங்கில் கேட்ட சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. சின்னவள் மட்டும் சிரிக்காமல் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் முகத்தில், பெட்டியைக் கீழே வைத்துவிட்ட ஒருத்தியின் இளைப்பாறல் தெரிந்தது.

விஷயம் கசிந்து எண்ணெய்த் தரகர் அன்று மாலையே வண்டியோடு வந்துவிட்டார். வாசலில் கிடக்கும் ஈர மூட்டைகளைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பாதி விலை என்றாலும் விலை விலைதானே என்றார். சிலர் மனம் ஆடியது. பெரியவள்தான் முன்னால் வந்தாள்.

"வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுவ தம்பி?"

"ஆட்டி எண்ணெய் எடுப்பேன். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும். உனக்கென்னம்மா?"

"அந்த எண்ணெய உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவியா?"

தரகர் சிரித்து மழுப்பினார். அவர் சிரித்து முடிப்பதற்குள் ஆகட்டும் மண்வெட்டியோடு வந்துவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் ஆகட்டும் என்று சொல்லவில்லை. கிடங்குக்குப் பின்னால் குழி வெட்டத் தொடங்கினார். மற்ற ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூட்டைகளைக் கொட்டிச் சாம்பலைத் தூவி மூடினார்கள். ஒரு பருவத்து உழைப்பில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அது, முள்ளைப் பிடுங்கிய வலி.

இனி மிச்சக் காயை உரித்தாக வேண்டும், ஈரம் கூடாது. கிடங்கு மூலையில், குழுவுக்கென்று எப்போதோ வந்த கையால் சுற்றும் உரிப்பு எந்திரம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதற்குக் கிழவன் என்று பெயர் வைத்தவளே பெரியவள்தான். பருப்பைப் பாதியாக உடைத்துத் துப்புகிற பல்லில்லாக் கிழவன் என்று அதை அவள் கேலி செய்யாத நாள் கிடையாது. சின்னவள் அதைத் துடைத்து எண்ணெய் போட்டாள். கைப்பிடியைச் சுற்ற விரல் வேண்டாம், தோள் போதும். அவள் பெரியவளைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

பெரியவள் கிழவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாப்பிள்ளை பார்க்கிறவள் போல மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டைக் கைப்பிடியில் கொடுத்துச் சுற்றினாள். கிழவன் கடகடவென்று இருமி, உடைந்த பருப்பாகத் துப்பினான். பெண்கள் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. துப்பியதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பெரிய காயில் இருந்த பருப்புதான் உடைந்திருந்தது. சின்னக் காய் உடையாமலே வந்திருந்தது.

"பெரிசையும் சின்னதையும் ஒரே வாயில போட்டா கிழவன் என்ன பண்ணுவான்? சல்லடை கொண்டா."

பெரிய காயைத் தனியே சலித்து, உள்ளே இருந்த இடைவெளியைத் திருகு ஆணியால் கொஞ்சம் தளர்த்தினார்கள். இந்த முறை பருப்பு முழுசு முழுசாக, செக்கச்செவேலென்று உருண்டு விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவள் சுற்றச் சுற்ற, பேச்சும் பழையபடி ஓட ஆரம்பித்தது. தெருவின் காய் முழுவதும் அவள் முன்னால் வந்து நின்றது. தன் வீட்டுக் கூடையை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தவள் தெருவுக்கே உரித்தாள். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து, சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கிக் குழிக்குப் போகும் வாளியில் போட்டார்கள். ஒரு பருப்புகூட அடுப்படிக்குப் போகவில்லை.

லாரி கிளம்பியது. இந்த முறை பின்னால் ஓட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், ராசி சரியில்லையாம். சேதி வரும் வரைக்கும் தெருவில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கோழிக்காரி கோழிகளிடம் எரிந்து விழுந்தாள். சின்னவள் துடைத்த தரையையே துடைத்தாள்.

சேதி போனில் வரும் என்று இருந்தார்கள். பரிசோதனைக்காரம்மா நேரிலேயே வந்துவிட்டார். தெருமுனையில் இறங்கி நடந்து வருகிறவரின் முகத்தைத் தூரத்திலிருந்தே படிக்க எல்லாரும் வாசலில் நின்றார்கள். அவருக்கு அவ்வளவு தூரம் பொறுமை இல்லை. பாதி வழியிலேயே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் சரியாக விழவில்லை. எல்லாம் தேறிவிட்டது, அளவு பார்க்கிற கருவியையே சந்தேகப்பட்டு இரண்டாம் தடவை பார்த்தார்களாம், அடுத்த பருவமும் இந்தத் தெருக் கடலைதான் வேண்டுமாம். கோழிக்காரி ஒரு கோழியைத் தூக்கிக் கொஞ்சினாள். ஆகட்டும் வாசலிலேயே உட்கார்ந்து, கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னார். பெட்டி என்று சொன்னவள் ஓடிவந்து பெரியவளைக் கட்டிக்கொண்டாள். என் கையைப் பார்த்து, கையைப் பார்த்து என்று பெரியவள் அதட்டினாள். ஆனாலும் கட்டிக்கொண்டவளைத் தானும் விடவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் பெரியவள் தன் பெட்டியைத் திறந்தாள். பெட்டிக்குள் ஒரு துணிப்பை இருந்தது. சரக்கு கட்டுவதற்கு முன், அவரவர் வீட்டுக்கென்று முதல் தரத்திலிருந்து ஒரு படி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவள்தான் தெருவில் சட்டம் போட்டிருந்தாள். முதலில் நமக்கு, பிறகு ஊருக்கு. அந்தப் பையைச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் வாணலியை வைத்து வறுத்தாள். வீடு முழுக்க வாசனை எழுந்தது.

மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். தட்டு காலியாகிக்கொண்டே வந்து கடைசியில் ஒரே ஒரு கடலை மிஞ்சியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. கடைசிக் கடலை கசக்கும் என்ற பழக்கதோஷம்.

"நீ எடு" என்றாள் பெரியவள்.

சின்னவள் எடுத்து வாயில் போட்டாள். மெதுவாகக் கடித்தாள். நாக்கின் ஓரத்தில் அந்தக் கசப்புக்காகக் காத்திருந்தாள். இவ்வளவு காலம் ஒருமுறைகூடத் தவறாமல் வந்த கசப்பு.

பெரியவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி, எப்படி?"

சின்னவளுக்கு வாய் நிறைய இனித்தது. பையை எடுத்து இன்னொரு பிடியை வாணலியில் கொட்டினாள்.